புகார் வராத விடுதி

புகாரே வராத விடுதி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று லோரென்சா ஃபாப்ரிஸ் நம்பியதில்லை. ஐரோப்பா முழுக்க மலிவான, சுத்தமான விடுதிகளைத் தேடிப் பட்டியல் போடும் கையேடு ஒன்றைப் பாதுவா நகரத்தின் இரண்டு அறை அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு வருடங்களாக அவள் நடத்திவந்தாள். வாசகர்கள் கடிதம் எழுதுவார்கள். லிஸ்பனில் தலையணை நாறுகிறது, கிராக்கோவில் வெந்நீர் ஆறு நிமிடத்தோடு சரி, மார்செயில் முதலாளியின் நாய் கட்டில் மேல் படுத்திருந்தது. எவ்வளவு நல்ல விடுதியானாலும் யாராவது ஒருவருக்குக் காபி ஆறிப்போயிருக்கும்.

ட்ரியெஸ்தே நகரத்துச் சன்சின் விடுதியில் மட்டும் யாருக்கும் எதுவும் ஆறவில்லை. மூன்று வருடங்களில் இருபத்தேழு கடிதங்கள் வந்திருந்தன. இருபத்தேழும் பாராட்டு. அவற்றை நம்பித்தான், நேரில் போய்ப் பார்க்காமலே, அவள் அதைக் கையேட்டில் சேர்த்திருந்தாள்.

"புகார் வரலைன்னு புகார் பண்ற ஒரே ஆள் நீதான்" என்றான் கூட வேலை செய்யும் எட்ஸியோ. "அங்க போய் என்ன பண்ணப் போற? மூட்டைப்பூச்சி இல்லையேன்னு அழப்போறியா?"

"இருந்தா நிம்மதியா இருக்கும்."

அவள் கடிதங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். வெவ்வேறு கையெழுத்துகள், வெவ்வேறு மொழிகள். ஆனால் எல்லாவற்றிலும் எழுத்து மேலே ஒழுங்காகத் தொடங்கிக் கீழே போகப் போகக் காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அழுந்தியிருந்தது. எழுதியவர்களுக்கு அவள் அனுப்பிய நன்றி அட்டைகளில் மூன்று, ஆள் இல்லை என்ற முத்திரையோடு திரும்பி வந்திருந்தன.

"வீடு மாறியிருப்பாங்க" என்றான் எட்ஸியோ. "சரி, போறதுதான் போற, வரும்போது நல்ல காபிப் பொடியா ரெண்டு கிலோ வாங்கிட்டு வா."

நவம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அவள் ட்ரியெஸ்தேயில் இறங்கியபோது போரா காற்று மலையிலிருந்து இறங்கி ஊரையே பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. முக்குகளில் பிடித்துக்கொண்டு நடக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். குப்பைத்தொட்டி ஒன்று உயிருள்ளது போல் தெருவைக் குறுக்கே கடந்து ஓடியது. மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் நான்காவது மாடிக்கு, லிஃப்ட் இல்லாததால் படிகளில் மூச்சு வாங்க ஏறி அவள் மணியடிக்கக் கையைத் தூக்குமுன் கதவு திறந்தது.

"உள்ள வாங்க, உள்ள வாங்க! இந்தக் காத்துல நீங்க பறந்து போகாம வந்து சேர்ந்ததே பெருசு." அறுபது வயதிருக்கும், குட்டையான, கையெல்லாம் மாவு ஒட்டிய பெண். நெரினா சன்சின், விடுதிக்காரி. பின்னால் நடைவழியை அடைத்துக்கொண்டு நின்ற ஆளைத் தோளால் காட்டினாள். "இவர் என் வீட்டுக்காரர், லிவியோ. வாயே திறக்க மாட்டார். நான் பேசறதே ரெண்டு பேருக்கும் சேர்த்துக் காணும்."

விருந்தினர் பதிவேட்டில் லோரென்சா வழக்கம்போல் ஒரு பொய்ப் பெயரை எழுதினாள். சோதிக்கப் போகும் இடத்தில் சொந்தப் பெயரைச் சொல்வதில்லை. நெரினா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியை நெடுநேரம் பார்த்தாள். ஈரமான மையின் மேல் விரல் படாமல் தடவினாள்.

"ரொம்ப அழகான கையெழுத்து, சிஞ்ஞோரா."

அறையில் லோரென்சா தன் வேலையைத் தொடங்கினாள். மெத்தையை முழங்கையால் அழுத்தினாள், விரிப்பை முகர்ந்தாள், குழாயைத் திருப்பிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். எதிலும் குறை இல்லை. வெந்நீர் கொதித்தது, விரிப்பில் வெயிலில் காய்ந்த மணம், ஜன்னலோரம் ஒரு மேஜை, அதன் மேல் பேனா, மை, ஒரு கட்டு வெள்ளைக் காகிதம். கடைசியாகக் கதவின் தாழ்ப்பாளைச் சோதிக்கப் போனபோது அது அங்கே இல்லை. கதவைத் திறந்து பார்த்தாள். வெளிப்பக்கம் இருந்தது. கனமான பித்தளைத் தாழ்ப்பாள், தினமும் புழங்கிப் புழங்கிப் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அதுவா?" என்றாள் நெரினா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து. "முன்னாடி அது சாமான் போடற அறை. எடுத்துட்டு மாத்திப் போடணும்னு நானும் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன், இந்த மனுஷன் காதுல ஏறினாத்தானே!"

லோரென்சா சிரித்தாள். முதல் குறை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நான்கு மணிக்கெல்லாம் வானம் இருண்டது. காற்று ஜன்னலின் மரப்பலகைகளில் முட்டிக்கொண்டு, கூரை ஓடுகளைக் கிளப்பி, கட்டடத்தின் ஏதோ ஒரு குழாய்க்குள் புகுந்து தாழ்ந்த குரலில் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. அந்த ஊளைக்கு அடியில், முதலில் அவள் தன் இதயம் என்றே நினைத்த ஒரு சத்தம், சுவருக்கு அந்தப் பக்கம், மெத்தென்று, ஈரமாக, நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. தொப். தொப். பிறகு ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல் இருந்தது. மறுபடி தொப்.

அவள் நடைவழிக்கு வந்து கேட்டாள். "பக்கத்து அறையில யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லியே" என்றது சமையலறைக் குரல். "லிவியோ கறி தட்டறார். ராத்திரிக்குக் கட்லெட்."

சமையலறை நடைவழியின் மறு கோடியில் இருந்தது. சத்தம் வந்தது இந்தச் சுவரிலிருந்து. காற்று சத்தத்தை எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தண்ணீர் கேட்கும் சாக்கில் அவள் சமையலறைக்குப் போனாள். அடுப்பில் அவரையும் புளித்த முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருந்தன. வெட்டுப்பலகை ஆணியில் தொங்கியது, காய்ந்துபோய். இறைச்சி எங்கும் இல்லை. லிவியோவும் இல்லை. நெரினா கரண்டியால் துழாவிக்கொண்டே அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள்.

சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படியே வாசல் கதவைத் திறந்துகொண்டு போயிருக்கலாம். பத்து அடி தூரம்தான். ஆனால் கோட்டும் பையும் குறிப்பேடும் அறையில் இருந்தன. அவற்றை எடுக்க அவள் திரும்பினாள். கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்தபோது பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

"லோரென்சா" என்றது கதவுக்கு வெளியிலிருந்து நெரினாவின் குரல். சொந்தப் பெயர். "புதுவருஷத்துக்கு வருஷா வருஷம் உங்க கையால ரெண்டு வரி எழுதி எங்களுக்கு அனுப்புவீங்களே, எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன். பதிவேட்டுல அதே கையெழுத்தைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!"

"கதவைத் திறங்க."

"மத்தவங்க எழுதினா பத்துப் பேர் வருவாங்க. நீங்களே எழுதினா? யோசிச்சுப் பாருங்க. மேஜையில காகிதம் இருக்கு கண்ணு. அவசரமே இல்ல."

செருப்புச் சத்தம் விலகிப் போனது. காற்றுக்காகச் சாத்தியிருக்கிறார்கள் என்று அவள் நினைத்த ஜன்னல் மரப்பலகைகளை ஆணி அடித்திருந்தார்கள். அவள் கத்தினாள். தன் குரலைக் காற்று தின்பதைக் காதால் கேட்டாள். பிறகு அறை நடுவில் நின்று, வேலையில் பழகிய கண்ணால் ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள். அலமாரி சுவரோடு ஒட்டவில்லை. ஒரு விரல் அளவு இடைவெளி. தோள் கொடுத்துத் தள்ளினாள். பின்னால் ஒரு கதவு. சுவரின் வெள்ளை நிறமே அதற்கும் பூசியிருந்தது. கட்டிலின் இரும்புச் சட்டத்தைக் கழற்றி நெம்பினாள். நகம் பெயர்ந்தது. கதவும் பெயர்ந்தது.

முதலில் வாடை. மருந்துச் சாராயம், பழைய ரத்தம், அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ அழுகும் நெடி. அச்சு அசலாக அவள் அறையேதான். அதே கட்டில், அதே விரிப்பு, அதே ஜன்னலோர மேஜை. மேஜையில் பித்தளை விளக்கு எரிய, ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றித் தரையில் காகிதங்கள். இடது கை மடியில் கிடந்தது, விரல்கள் அங்குமிங்கும் மடங்கி. பாதங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு துணி மூட்டைகள். ஒன்றிலிருந்து புது ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"எழுந்திரிங்க" என்றாள். அவன் அசையவில்லை. மறுபடி சொன்னாள்.

"சத்தம் போடாதீங்க." அவன் திரும்பவில்லை. "இன்னும் நாலு கடிதம் பாக்கி."

"யார் நீங்க?"

"யோஸ்ட் வீர்ஸ்மா. ஸ்வோல்லேயில வாத்தியார். ஹாலந்து."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். இந்த வருடக் கையேட்டில், வாசகர் கடிதங்களில் முதலாவதாக அவள் அச்சிட்டது அவன் கடிதத்தைத்தான். மூன்று முறை படித்து மகிழ்ந்திருந்தாள். இங்கிருந்து போகவே மனம் வரவில்லை என்று எழுதியிருந்தான்.

நடைவழிப் பக்கக் கதவு திறந்தது. லிவியோ. கையில் கறி தட்டும் மரச்சுத்தி, நுனியில் முடியும் சதையும்.

அவன் கத்தவில்லை. ஓடிவரவில்லை. வந்தான், வீசினான். சுத்தி அவள் விலாவில் இறங்கியது. உள்ளே ஏதோ சுள்ளி முறிவது அவளுக்கே கேட்டது. விழும்போது மேஜையைப் பிடித்தாள். விளக்கு கையில் வந்தது. அடித்தாள். பித்தளை அவன் கன்னத்தில் புதைந்தது. மறுபடி. பல் தெறித்தது. அவன் மண்டியிட்டான், சுத்தி நழுவியது. அதை எடுத்தாள். நெற்றியில் ஒன்று. மூக்கில் ஒன்று. மூக்கு இருந்த இடத்தில் ஒன்று. அவன் ஒரு முனகல்கூட விடவில்லை, அதுதான் அவளை நிறுத்தவிடாமல் செய்தது. ஏழாவது அடி தேவையில்லை என்று தெரியும். ஏழாவதையும் அடித்தாள்.

சுத்தியைப் போட்டாள். யோஸ்ட்டின் கைகளை இழுத்துத் தன் தோள்மேல் போட்டுக்கொண்டு எழுந்தாள். ஒரு பிள்ளையின் எடைதான் இருந்தது.

நடைவழி காலி. சமையலறையில் கொதி பொங்கி அடுப்பில் வழிந்து கருகிக்கொண்டிருந்தது. நெரினாவைக் காணோம். வாசல் கதவில் சாவி தொங்கியது. திருப்பினாள். திறந்தது.

படிகள். ஒவ்வொரு படிக்கும் விலா குத்தியது. மூன்றாவது மாடியில் ஒரு கதவு சங்கிலி அளவு திறந்தது. கம்பளிச் சட்டை போட்ட கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"போலீஸ்" என்றாள். "போலீசைக் கூப்பிடுங்க."

அவர் அவளைப் பார்த்தார். முதுகில் இருந்தவனைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். உள்ளே வானொலியின் சத்தம் கூடியது.

இறங்கினாள். இரண்டாவது மாடி. கீழே தெருக் கதவு காற்றில் அடித்துக்கொள்வது கேட்டது. அப்போதுதான் கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகின.

"யோஸ்ட். மூச்சு. மூச்சு முட்டுது."

"சிஞ்ஞோரா நெரினா!" அவள் காதருகே அவன் வீரிட்டான். "இங்க இருக்கா! இங்க! ரெண்டாவது மாடி!"

கால் இடறியது. இருவரும் உருண்டார்கள். படியின் சலவைக்கல்லில் அவள் தலை மோதியது. அவன் மேலே கிடந்தான், ஒடிந்த விரல்களாலும் ஒடியாத விரல்களாலும் அவளைப் பற்றிக்கொண்டு, குழந்தை போல் தேம்பிக்கொண்டு.

"மன்னிச்சிடுங்க. பதிலுக்கு ஒரு ஆள் வந்தா என்னை அனுப்பிடறேன்னாங்க. மன்னிச்சிடுங்க. மன்னிச்சிடுங்க."

சில நிமிடங்களே எரியும் படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது.

இருட்டு. காற்று. மேலே செருப்புச் சத்தம். அவசரமில்லாமல். ஒரு படி. இன்னொரு படி. அதற்குப் பின்னால் வேறொரு காலடி. கனமாக. இழுத்து இழுத்து.

அவள் அசைய முயன்றாள். இடுப்புக்குக் கீழே எதுவும் சொன்னபடி கேட்கவில்லை.

விளக்கு எரிந்தது.

நெரினா பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மரச்சுத்தி, கழுவித் துடைத்தது. அவள் லோரென்சாவின் வலது காலணியின் நாடாவை அவிழ்த்து, காலணியைக் கழற்றி, காலுறையை உருவி, வெறும் பாதத்தைச் சலவைக்கல் விளிம்பில் சரியாக வைத்தாள். கொஞ்சம் நகர்த்தினாள். பாத எலும்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"லிவியோ" என்றாள் மென்மையாக. "வலது கையைப் பிடிச்சுக்கோ. அதுல மட்டும் அடி படக்கூடாது."

முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லாத அந்தத் தலை லோரென்சாமேல் குனிந்தது. அதிலிருந்து சொட்டியது வெதுவெதுப்பாக அவள் உதட்டில் விழுந்தது. இரண்டு பெரிய உள்ளங்கைகள் அவள் வலது கையை, முட்டையை ஏந்துவது போல், அத்தனை பதமாக ஏந்திக்கொண்டன.