ஐலியைக் கேட்டு வந்தவள்

ஆர்லீன் ஏரிக்கரைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது பிற்பகல்தான். ஆனால் மிச்சிகனின் வடகோடியில் ஜனவரி வெளிச்சம் அவ்வளவுதான், அடுப்புச் சாம்பல் மாதிரி. படியில் பூட்ஸைத் தட்டிப் பனியை உதறினாள். கையில் துணி சுற்றிய ஏலக்காய் ரொட்டி.

"எதுக்கு இதெல்லாம்?" என்றபடி கதவைத் திறந்தாள் டெல்ஃபின்.

"வெறுங்கையோட வர்றதுக்கு நான் இப்ப உங்க நோயாளி இல்லையே."

டெல்ஃபின் மனநல ஆலோசகர். பேரதிர்ச்சியில் உடைந்து வருகிறவர்களைத் தன் வீட்டிலேயே பார்ப்பாள். அவளுடைய வைத்தியம் அவளே கண்டுபிடித்தது. மரம் அறுக்கும் ஆலையில் கணவன் செத்த வருஷம், தூக்கமின்றி அலைந்தவள் ஒருநாள் பின்னறைக்குள் போனாள். கண்ணால் கண்டது அத்தனையையும் சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். அன்று தூங்கினாள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள்.

"இங்கயே விட்டுட்டுப் போங்க. நான் பார்த்துக்கறேன்."

ஆர்லீனும் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனாள். உறைந்த ஏரியின்மேல் வண்டியில் போனபோது பனித்தளம் பிளந்துகொண்டது. அவள் ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டாள். பின்சீட்டில் இருந்த மகள் ஐலியால் முடியவில்லை. அதற்கப்புறம் எந்த வண்டியில் ஏறினாலும், பின்னாலிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம் ஆர்லீனுக்குக் கேட்டது. இந்த வீட்டுப் பின்னறையில் சொல்லி அழுத அன்றோடு அது நின்றது.

"நல்லாத் தூங்கறேன். நல்லாச் சாப்பிடறேன்," என்றாள் ஆர்லீன், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து. "சிரிக்கக்கூடச் சிரிக்கறேன். ஆனா அவ குரல் ஞாபகம் வரலை. முகம் போட்டோவுல இருக்கு. குரல் சுத்தமாப் போயிடுச்சு."

"நாளாக ஆக எல்லாருக்கும் அப்படித்தான்."

"எனக்கு அவளைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

டெல்ஃபின் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "'விட்டுட்டுப் போங்க'ங்கறது ஒரு பேச்சுக்குச் சொல்றது, ஆர்லீன். அங்க இருக்கிறது வெறும் அறை."

பொய். ஆர்லீன் விட்டுப்போன அந்த வாரமே டெல்ஃபினுக்குக் கேட்டுவிட்டது, நனைந்த கம்பளிக் கோட்டு தரையில் இழுபடும் சத்தம். முதலில் நடுங்கினாள். பிள்ளையில்லாத வீடு. மெல்ல மெல்லப் பழகிப்போனது. பிறகு, அது கேட்காத நாட்களில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பின்னறையில் யாரோ தட்டினார்கள்.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.

அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.

டெல்ஃபின் தடுப்பதற்குள் ஆர்லீன் போய்க் கதவைத் திறந்துவிட்டாள். ஏரியின் அடிச்சேற்று வாடை முகத்தில் அறைந்தது. கூடவே ஈரக் கம்பளியும் பெட்ரோலும்.

மூலையில் சின்ன உருவம் ஒன்று நின்றது. முடி நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"ஐலி," ஆர்லீன் முழங்காலிட்டாள். "கண்ணு, அம்மா வந்திருக்கேன்டி."

அது அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலாக டெல்ஃபினைப் பார்த்தது.

"அம்மா, இவங்க யாரு?"

அது மூலையோடு இன்னும் ஒட்டிக்கொண்டது.

"கதவைச் சாத்தும்மா. குளிருது."

மறந்துபோன குரல் அதுதான். ஆர்லீனுக்கு இனி அது மறக்காது. அழக்கூட இல்லை; எழுந்து கோட்டின் பொத்தானை நிதானமாகப் போட்டுக்கொண்டாள். வாசலில் மட்டும் ஒருகணம் நின்றாள்.

"நல்லாவே குணப்படுத்திட்டீங்க," என்றாள்.

வண்டி போன சத்தம் அடங்கியதும் டெல்ஃபின் பின்னறைக் கதவில் வாயை வைத்து, "அவங்கதான் உன் அம்மா. அவங்களோட போயிடு," என்று கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க அறை ஊமையாகவே இருந்தது. அப்பாடா, தாயோடு போய்விட்டது என்று தேற்றிக்கொண்டாள். மனம் கேட்காமல் ஒருநாள் ஆர்லீனுக்குப் போன் செய்தாள்.

"இங்க யாரும் வரலை," என்று வைத்துவிட்டாள் ஆர்லீன்.

டெல்ஃபின் பின்னறையைப் பூட்டினாள். யாரையும் அங்கே அனுப்புவதில்லை என்று முடிவு செய்தாள்.

பனி உருகத் தொடங்கியபோது வெண்டல் என்பவர் வந்தார். சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பனிக்குவியலுக்குள் ஒரு பிணத்தைக் கண்டதிலிருந்து தூக்கம் போனவர். முன்னறையிலேயே உட்கார வைத்துப் பேசி அனுப்பினாள். வெளியே போனவர், சற்று நேரத்தில் மறுபடி கதவைத் தட்டினார்.

திறந்தாள்.

வெண்டல் தனியாகத்தான் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை மட்டும் உடம்பைவிட்டுச் சற்று விலகி, எதையோ பிடித்தாற்போல் மடங்கியிருந்தது. விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன.

"உங்க பொண்ணைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்," என்றார், கீழே பார்க்காமலே, மிகத் தணிந்த குரலில். "கையை விட மாட்டேங்கறா."