தையல் பிரித்த பதினேழு

அருங்காட்சியகத்தில் அவளுக்கு வீம்பு என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவளும் என்னவென்று கேட்பாள். கன்னியாஸ்திரிகளின் வரலாற்றுக் கண்காட்சிக்குப் பொருள்களைத் தேர்ந்தெடுக்க அவள் அந்தப் பழைய மடத்துக்குப் போனபோது பிற்பகல் மூன்று மணி. நாற்பது பேர் இருந்த கட்டடத்தில் மிஞ்சியது நாலே பேர். கதவைத் திறந்த சலவை சிஸ்டருக்குக் காது சுத்தமாகக் கேட்காது. பேசுகிறவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

"துணியறையப் பாக்கணும்னீங்களாமே. வாங்கம்மா. எலி இருக்கு, பயந்துடாதீங்க."

"எலிதானே சிஸ்டர். நான் எங்க டைரக்டரையே சமாளிக்கிறவ."

துணியறைக்கு ஒரே ஜன்னல். பழைய கஞ்சி வாசனையும் ஈரச் சுவரின் வாசனையும் மூச்சை அடைத்தன. சுவர் நெடுக நாற்பது மரத்தட்டுகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். மடத்தில் துணிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான் என்றார் சிஸ்டர். புதிதாகச் சேருகிறவளின் துணி ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலால் அவள் எண்ணைத் தைப்பார்கள். அவள் இறந்தால் அந்த எண் அடுத்து வருகிறவளுக்குப் போகும்.

பதினேழாம் தட்டை மட்டும் பலகை வைத்து ஆணியடித்திருந்தார்கள்.

"இது என்ன சிஸ்டர்?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நான் வர்றதுக்கு முன்னால நடந்தது. கொள்ளைநோய் வந்த வருஷம், யாரும் வாசலைத் தாண்டக் கூடாதுன்னு உத்தரவு. பதினேழு மட்டும் சுவரேறிக் குதிச்சுட்டாங்க. நோயாளிங்க கிடந்த கொட்டகைக்குப் போயி, அங்கேயே இருந்து, அங்கேயே செத்துட்டாங்க. கீழ்ப்படியலன்னு பட்டியல்ல பேரை அடிச்சாங்க. துணியில இருந்த நம்பரக்கூட விடல, பிரிச்செடுத்துட்டாங்க."

வீம்பு இடுக்கில் விரலை விட்டு இழுத்தாள். துருப்பிடித்த ஆணிகள் உடைந்து பலகை கையோடு வந்தது. உள்ளே மடிப்புக் கலையாத ஒரே ஒரு வெள்ளை ஏப்ரன். அதிலிருந்து பினாயில் நெடி வீசியது, யாரோ இப்போதுதான் வார்டைக் கழுவிவிட்டு வந்ததுபோல.

ஏப்ரனின் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நூலைப் பிரித்தவர்கள் ஊசி போட்ட துளைகளை மறந்திருந்தார்கள். ஒன்று, ஏழு. துளைகளின் வழியே வெயில் தெரிந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. கண்காட்சியின் நட்டநடுவில் இந்த ஏப்ரன்தான் என்று அங்கேயே முடிவு செய்தாள்.

"அதை வெச்சுடுங்க." வாசலில் மடத்துத் தலைவியான மதர். "அப்படி ஒருத்தர் எங்க பட்டியல்ல இல்ல. அது வெளிய போறதா இருந்தா, மத்த எதுவும் வெளிய போகாது."

வீம்பு டைரக்டருக்குப் போன் போட்டாள். அவர் முழுக்கக் கேட்கக்கூட இல்லை. "மதர் சொல்றபடி செய். கண்காட்சி நின்னா உன் வேலையும் போகும்."

"போனா போகட்டும் சார்."

மதர் ஏப்ரனின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். அப்போது ஜன்னல் கதவு அடைத்துக்கொண்டது.

காற்றே இல்லை.

இருட்டில் பினாயில் நெடி ஏறியது. பிறகு ஒரு சத்தம். துணிக்குள் நூலை இழுக்கும் சத்தம்.

சர்ர்க்.

சர்ர்க்.

"யாரோ தைக்கிறாங்க," என்று கிசுகிசுத்தார் சலவை சிஸ்டர். "எனக்கே கேக்குது."

வீம்பின் பின்கழுத்தில் குளிர்ந்த விரல்கள் பட்டன.

 கத்தலாம் போல இருந்தது. ஆனாலும் ஏப்ரனை விடவில்லை. "உங்களை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன்," என்றாள், இருட்டைப் பார்த்து.

சத்தம் நின்றது. ஜன்னல் மெல்லத் திறந்தது. மதர் அவள் முதுகுப் பக்கம் எதையோ பார்த்தார். பிடித்திருந்த முனையை நழுவவிட்டு வெளியேறினார். வீம்பு ஏப்ரனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் தங்கைதான் முதலில் கவனித்தாள். "அக்கா, சட்டைக் காலர்ல என்ன நம்பர்?"

கழற்றிப் பார்த்தாள். காலரின் பின்பக்கம் சிவப்பு நூலில், சின்னச் சின்னத் தையலாக, பதினேழு. நூல் ஈரமாக இருந்தது.

"பிரிச்சு விடவா?" தங்கை கத்தரிக்கோலோடு வந்தாள்.

"தொடாதடி." அவள் சட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒரு தடவ பிரிச்சது போதும்."

மறுநாள் காலை அதே சட்டையில் டைரக்டரின் அறைக்குப் போனாள். அவர் நிமிரவில்லை.

"மதர் போன் பண்ணாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லிட்டாங்க. குரலே சரியில்ல. அவங்க விட்டாலும் நான் விட மாட்டேன், எனக்கு வம்பு வேண்டாம். கண்காட்சியில அந்தப் பதினேழு இருக்கக் கூடாது. லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டியா?"

"இல்ல சார். போட்டுக்கிட்டு வந்திருக்கேன்."

திரும்பி நின்று, கூந்தலை ஒதுக்கிக் காலரைக் காட்டினாள்.

 மூடிய அந்த அறைக்குள் பினாயில் நெடி பரவிக்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தபோது டைரக்டர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் சட்டைக் காலர் தானாகக் கொஞ்சம் மேலே இழுபட்டது.

சர்ர்க்.