வாயசைத்த இடம்

பதிவில் அம்மாவின் வசனம் முடிந்ததும், ஒன்றுமே கேட்கக்கூடாத இடத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

சின்னவள் போனைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். அடுத்த அறையில் அக்காவின் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பதிவில் எதிரொலி வராமலிருக்க இவளே சன்னலில் மாட்டிய கம்பளியில் மத்தியான வெயில் ஏறி, காய்ந்த தூசி வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. மிஷின் சத்தம்தான் பதிவாகியிருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் நாடகக் குழுவில் அவள் கூட்டத்தில் ஒருத்தி. சந்தைக்காரி, வழிப்போக்கி, பிணத்தைச் சுற்றி அழுகிறவள். "அழலாம், சத்தம் வரக்கூடாது" என்பார் இயக்குநர். இப்போதுதான் முதன்முறையாக வசனமுள்ள வேடத்துக்கு, ஒரு அம்மாவுக்கு மகளாக நடிக்க, கூப்பிட்டிருக்கிறார்கள். நாளைக் காலையில் நடிப்புத் தேர்வு. "இதுவும் போச்சுன்னா ஒழுங்கா கடையில வந்து உக்காரச் சொல்லு" என்று அத்தான் அக்காவிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

எதிரில் நின்று வசனம் சொல்ல ஆளில்லாதவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அம்மாவின் வசனங்களைத் தானே பேசிப் பதிந்து, மகளின் வசனங்களுக்கு இடம் விட்டாள். மற்றவர்கள் மனசுக்குள் எண்ணிக்கொண்டு இடம் விடுவார்கள். இவளுக்கு எண்ணினால் அவசரம் வந்துவிடும். அதனால் அந்த இடங்களில் மகளின் வசனத்தைச் சத்தமில்லாமல், ஆனால் கண்ணில் நீர் வரும்வரை உயிரைக் கொடுத்து வாயசைத்தாள். வருஷக்கணக்காகப் பழகிய வித்தையாயிற்றே, நன்றாகவே வந்தது.

மறுபடி ஓடவிட்டாள்.

"யாரு உள்ள?" என்றது பதிவு.

"நான்தாம்மா. இங்கதான் இருக்கேன்" என்று இவள் வாயெடுப்பதற்குள், அதே வார்த்தைகளைக் கிசுகிசுப்பாக யாரோ சொல்லிவிட்டார்கள்.

அவள் போனை நிறுத்தினாள். போன் இல்லாமலே வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள். உதடு அசைந்தது. வெறும் காற்று வந்தது. தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், மறுபடி முயன்றாள். காற்றுதான்.

"அக்கா, மணி என்ன?" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். குரல் கணீரென்று வந்தது. மகளின் வசனம் மட்டும்தான் வரவில்லை. அவளுக்கு அழுகை முட்டியது. தேர்வை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வசனமா வராமல் போகவேண்டும்?

பதிவை அழிக்கப் போனாள். விரல் பட்டதும் அது ஓடத் தொடங்கியது.

"யாரு உள்ள?"

"நான்தாம்மா. இங்கதான் இருக்கேன்."

முழுக்குரல். அவளுடைய குரல்தான். ஆனால் அவளுக்கு ஒருநாளும் வராத நடுக்கமும் ஈரமுமாக.

மிஷின் நின்றது. "அடியம்மா! இப்பதான்டி வந்திருக்கு! புல்லரிச்சுப் போச்சு எனக்கு!" என்று அக்கா அங்கிருந்தே கத்தினாள்.

நான் இல்லக்கா. சொல்ல வாயைத் திறந்தாள். காற்று. அக்கா. காற்று. அந்த வார்த்தையும் போய்விட்டது.

"தேங்க்ஸ்க்கா" என்றது போன்.

தூசி வாசனை போனது. வெயில் போனது. வெளிச்சமில்லை. இருட்டும் இல்லை. கை நீட்டினாள். நீட்டக் கையில்லை. சின்ன இடம். ஒரு வசனம் பேசும் நேரமளவுக்கே இடம்.

பிறகு வெகுதூரத்தில், சுவருக்கு அப்பால் போல, பேச்சு கேட்டது.

"கிடைச்சிடுச்சுக்கா! அந்த வேஷம் எனக்குத்தான்!" அவள் குரல். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க" என்று அத்தான்கூட வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவளை எண்ணி இத்தனை சந்தோஷம் இதற்குமுன் இருந்ததில்லை.

"நீ பேசிப் பழகினதைப் போடுடி, கேப்போம்" என்றாள் அக்கா.

தலைக்கு மேல் ஏதோ திறந்தது.

"யாரு உள்ள?"

நான்தான். அக்கா. இங்கதான் இருக்கேன். இருந்த உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினாள்.

"என்னடி இது, உன் பேச்சையே காணோம்? யாரோ மூச்சு விடற மாதிரில்ல கேக்குது?"

அக்கா. அக்கா.

"வெறும் இரைச்சல்க்கா. இனிமே அது எதுக்கு? அழிச்சிடு."

"அதுவும் சரிதான்."

அக்காவின் நகம் போனின் கண்ணாடியில் ஒருமுறை தட்டியது. நிச்சயமா என்று போன் கேட்டிருக்க வேண்டும். அக்கா "ஆமா, ஆமா" என்றாள். நகம் மறுபடி கீழே இறங்கியது.

சின்னவள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தாள்.