தீனி நேரம்

பசி வயிற்றில் இல்லை, தாடையில் இருந்தது. காலையில் தின்ற பன்னுக்குப் பிறகு எதையும் கடிக்காத பல்வரிசை வலித்தது. எச்சிலை விழுங்கி விழுங்கித் தொண்டையும் புண்ணாகியிருந்தது. ரத்தினவேல் ஏரிக்கரைத் தகர ஷெட்டின் வாசலில் குந்தியபடி, தங்கமணி வரும் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பொழுது சாயும்போது அவன் பெண்டாட்டி கெம்பனூரிலிருந்து சோற்றுப் போசியோடு கரைமேல் நடந்து வருவாள். ஒற்றையடித் தடம். நடுவில் கோடி வரும்: ஏரி நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுவதற்காகத் தாழ்வாகக் கட்டிய கல்வரிசை. அதைத் தாண்டினால் ஷெட் கல்லெறி தூரம். இன்று வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தும் தடத்தில் ஆள் இல்லை.

இன்னொன்றும் இல்லை. முந்தின நாள்தான் கோடையின் முதல் மழை கொட்டியிருந்தது. கரையோரம் சேறு, கொல்லைகளில் குட்டை குட்டையாய்த் தண்ணீர். இப்படி ஈரம் கண்டால் தவளைச் சத்தம் காதைக் கிழிக்க வேண்டும். ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

கத்தாவிட்டால் போகிறது. பால்பல் விழுந்த வயதிலேயே கல்குவாரியில் ஜல்லிக் கூடை தூக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு குறையா? தவளைக்கு நோட்டுப் போட்டு எழுதுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மார்கழியில் ஒரு காலேஜ் கூட்டம் பைனாகுலரும் தொப்பியுமாக வந்து கரையில் நின்று, ஏரி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்று பேசிக்கொண்டது. சரிசெய்துகொள்ள ஏரி என்ன லேத்து மிஷினா என்று அவர்கள் காதில் விழும்படியே கேட்டான். அவர்களுடைய தண்ணீர் பாட்டிலைக்கூட அவன்தான் பொறுக்கிப் போட்டான்.

நாலு வருஷப் பஞ்சத்தில் அந்த ஏரி செத்துத்தான் கிடந்தது. பாளம் பாளமாய் வெடித்த மண்ணில் சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு எழும்பியது. ஊர்க்காரர்கள் அதில் ஆடு மேய்த்தார்கள், சீட்டாடினார்கள், இரண்டு பேர் பட்டாவுக்கு மனுவும் போட்டார்கள். இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டது. ஏரி நிரம்பிய வாரமே, மண்ணுக்குள் மூச்சை அடக்கிக் கிடந்ததெல்லாம் எழுந்து வந்தது. முதலில் தவளை. பிறகு நத்தை, தட்டான். கரையோரம் கோரை குத்திக்கொண்டு கிளம்பியது. யாரும் விடாத விரால் குஞ்சுகள் சிவப்புத் திரளாய் மிதந்தன. மூழ்கிய கருவேலம் பட்டுக் கறுத்தது. அதன் கிளைகளில் நாரைகள் வந்து உட்கார்ந்தன.

காய்ந்த ஏரி நிறைந்தால் முதல் வருஷம் ஏரிக்கே என்பது கெம்பனூர் வழக்கம். வலை போடமாட்டார்கள், மீன் விடமாட்டார்கள். கோடியில் கங்கம்மாவுக்கு ஒரு விளக்கை மிதக்கவிட்டுப் போய்விடுவார்கள். ரத்தினவேலுக்கு இதைக் கேட்டதும் சிரிப்புதான் வந்தது. சோம்பலுக்கும் ஒரு சாமி வைத்திருக்கிற ஊர். ஓசூர்க் கம்பெனி கணக்குத் தீர்த்து அனுப்பிய காசில் அவன் அந்த வருஷமே ஏரியைக் குத்தகை எடுத்தான். போட்டிக்கு ஆள் இல்லாததால் சல்லிசாகக் கிடைத்தது. அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கமிருந்து டிரம் டிரம்மாக ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு வந்து இறங்கியது. சர்க்கார் தடை செய்த மீன். எதையும் தின்னும், சாக்கடையிலும் வளரும், ஆறேழு மாதத்தில் கிலோ ஏறும். பெங்களூரில் வேறு பெயர் சொல்லி விற்றுவிடலாம். தின்கிறவனுக்கு என்ன தெரியப்போகிறது.

தீனி ஓசூர்க் கோழிக்கடைகளிலிருந்து மூட்டையாக வந்தது. தலை, குடல், கால், தோல். அவிழ்க்கும் முன் ஒரு தகரத்தைக் குச்சியால் படபடவென்று தட்டுவான். சீக்கிரமே பழகிவிட்டன. தட்டிய மறுகணம் தண்ணீர் கறுத்துத் திரளும். செதில் இல்லாத வழவழ உடம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். மீசைகளுக்கு நடுவே வாய்கள் பிளந்து நிற்கும். தங்கமணி ஒருமுறை அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பசித்தவன் வாய் எல்லாமே அப்படித்தான் இருக்கும் என்றான்.

மாசியில் பறவைக் காய்ச்சல் பயம் கிளம்பியது. கோழி தின்பாரில்லை, கடைகளைச் சாத்தினார்கள், மூட்டை நின்றது. வேறு தீனி வாங்க அவனுக்குக் கை வரவில்லை. ஏரியில் கிடக்கிறதைத் தின்னட்டும் என்று விட்டான். தின்றன. நத்தை போயிற்று, விரால் போயிற்று, தட்டான் புழு, தவளை முட்டை, தவளை. ஒருநாள் எழும்பிப் போன நாரைகள் திரும்பவில்லை. பிறகு சிறுத்ததைப் பெருத்தது தின்றது. அதிலும் அவனுக்கு ஒரு திருப்தி: இளைத்தது ஒழிந்தால் சராசரி எடை ஏறும்.

இன்று மத்தியானம் பக்கத்துக் கொல்லைக்காரன் கங்கப்பன் கன்றுக்குட்டியை இழுத்துக்கொண்டு வந்தான். தண்ணீர் குடிக்க இறக்கிவிட்ட கன்று. அதற்கு மேலுதடு இல்லை.

கண்ணாடிச் சில்லு கிழித்திருக்கும் என்றான் ரத்தினவேல்.

"இது கிழிச்சதாப்பா? சப்பிக்கினு போயிருக்குது, பாரு." கங்கப்பன் குரலை உயர்த்தவில்லை. "நேத்து மழைக்கு உன் மீனுங்க என் கொல்லைலயே கெடந்துச்சு. வாயில பாதி எலி. இனிமே மழ வந்தா அதுங்க தண்ணில நிக்காது. ஏறி நடக்கும்."

"நடக்கட்டும்யா. செருப்பு வாங்கிக் குடுத்துருவோம்."

"சிரி, சிரி. உன் சம்சாரம் அந்தக் கோடி மேலதான வருது? இன்னிக்கி வர வாணாம்னு சொல்லிடு."

சொல்லலாம்தான். அதற்கு ஊர் வரைக்கும் நடக்க வேண்டும். சொல்லிவிட்டால் ராச்சோறு கிடையாது. ரத்தினவேல் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து, கன்றுக்குட்டிக்கு வைத்தியச் செலவு கேட்டு நாளை இவன் வருவான் என்று யோசித்தபடி தூங்கிப்போனான்.

இப்போது தடம் கண்ணுக்குத் தெரியவில்லை. மேற்கே இடி உருண்டது. நாற்றம் வந்தது, அழுகிய குடலும் பாசியும் கலந்த, அவன் சட்டையிலேயே குடியிருக்கும் பழைய நாற்றம்தான். ஆனால் காற்று ஏரிப்பக்கமிருந்து அடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால், கங்கப்பனின் உழாத கொல்லையிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து ஒரு சத்தம். க்ளக்.

கெளுத்தி தலையை நீட்டிக் காற்றை விழுங்கும் சத்தம். தினமும் தண்ணீரில் கேட்பது. இது வரப்பில் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கும்போது இன்னொன்று, ஷெட்டின் பக்கவாட்டில், மண்வெட்டி சாத்தியிருந்த இடத்தில். பிறகு வேலிக்கு அப்பால் ஒன்று. ஈரச் சாக்கை யாரோ விட்டு விட்டு இழுப்பதுபோலச் சேற்றில் ஓர் உரசல் கேட்டது, நின்றது, இன்னும் கிட்டத்தில் தொடர்ந்தது. தவளையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். தவளைக்காக ஏங்கியது அவன் ஆயுசில் அதுதான் முதல் தடவை. எழுந்து உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தான்.

கோடியில் வெளிச்சம் தெரிந்தது.

டார்ச். இடுப்பு உயரத்தில், நடைக்கு நடை ஆடிக்கொண்டு வந்தது. அவள்தான். அவனுக்கு வாய் ஊறியது. அந்த நேரத்திலும் ஊறியது.

வெளிச்சம் கோடியின் நடுவில் நின்றது. தரையைத் தடவியது.

"ஏங்க." தங்கமணியின் குரல் தெளிவாக வந்தது. "கல்லு மேலெல்லாம் என்னமோ வழவழன்னு கெடக்குதுங்க. கால் வைக்க எடமில்ல. செத்த வாங்க."

திரும்பிப் போ என்று கத்த வேண்டும். மூச்சை இழுத்தான். அப்போது கூரைத் தகரத்தில் ஒரு துளி விழுந்தது.

டப்.

இன்னொன்று. இன்னும் நாலு. அவன் அண்ணாந்து பார்த்தான். புரிந்தது.

மழை முழுசாக இறங்கியது.

கூரை முழுக்கத் தகரம். படபடவென்று, விடாமல், அவன் ஒருநாளும் தட்டியிராத அளவுக்கு ஊர் முழுக்கக் கேட்கும்படி தட்டிக்கொண்டிருந்தது. ஏரி எழுந்தது. அலை இல்லை. உடம்புகள். கரையில் மோதி, ஏறி, வழுக்கி, மறுபடியும் ஏறின. கொல்லைப் பக்கத்திலிருந்தும் வந்தன.

"ஏங்க."

கதவுக்குப் பின்னால் ஒரு கடப்பாரை நின்றது. அதை எடுத்தான். அதை வைத்துக் கதவைத்தான் அடைத்தான்.

அவள் பக்கத்தில் ஊர், ஓடிவிடுவாள். இளசு. கால் நன்றாக இருக்கிறவள். அவன் போய் என்ன செய்துவிட முடியும்? இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டான். ஒன்றையும் அவனே நம்பவில்லை.

"ஏங்க, கதவச் சாத்தாதீங்க."

டார்ச் வெளிச்சத்தில், சாத்தியது தெரிந்துவிட்டது அவளுக்கு. அதற்குப் பிறகு வார்த்தையாக எதுவும் வரவில்லை. போசி கல்லில் விழுந்து உருண்ட சத்தம் வந்தது. பிறகு ஒரு சத்தம், கங்கப்பனின் கன்று போட்டிருக்கக்கூடியது. நீளமாக வந்தது. பாதியில் நின்றது.

மழை தட்டிக்கொண்டே இருந்தது.

கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதில் மீசைகள் நுழைந்தன. கறுப்பாக, மெல்லிசாக, வரிசையாக. தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தன. அவன் கால் விரலைத் தொட்டன. கட்டில்மேல் ஏறினான். க்ளக். நாலு சுவருக்கும் வெளியே. க்ளக். க்ளக். தகரச் சுவர் உள்பக்கமாக லேசாக வளைந்தது.

சுவரில் ஓர் ஆணி ஓட்டை. கண்ணை வைத்தான்.

டார்ச் அணையவில்லை. எரிந்துகொண்டிருந்தது. கோடியில் இல்லை; கோடியைத் தாண்டிவிட்டது. ஷெட்டை நோக்கி வந்தது. ஒரு நிமிஷம் அவன் நெஞ்சு குளிர்ந்தது. வந்துவிட்டாள்.

பிறகு உயரத்தைப் பார்த்தான்.

இடுப்பில் இல்லை. முழங்காலிலும் இல்லை. தரையிலிருந்து ஒரு சாண். அந்த வெளிச்சம் பக்கவாட்டில் படுத்தபடி வந்தது. ஏறி, இறங்கி, புரண்டு, மறுபடியும் நிமிர்ந்து. அதைச் சுற்றிக் கரை முழுக்கக் கறுப்பாகப் பளபளத்தது. பளபளத்தது மொத்தமும் நகர்ந்தது. வெளிச்சத்தை ஒரு கை பிடித்திருந்தது. கண்ணாடி வளையல் மணிக்கட்டில் அப்படியே இருந்தது. முழங்கைக்கு அப்பால் பார்க்க அவன் கண் போகவில்லை.

கதவருகே வந்து வெளிச்சம் நின்றது. அடி இடைவெளி வழியாக உள்ளே விழுந்து, கட்டில் காலில் படிந்தது.

அவற்றுக்கு மூன்று மாதத் தீனி பாக்கி.