எதிர்ப்பக்கம் மடித்த இலை

படகு நான் நினைத்ததைவிடப் பழையது. பச்சைப் பெயின்ட் உரிந்து கீழே துரு தெரிந்தது. நீளத்தில் ஒரு பஸ்ஸைவிடப் பெரிது. அகலத்தில் இரண்டு பேர் அருகருகே நடக்க முடியாது. ஹாக்னி சதுப்பு நிலத்தின் ஓரமாக, லீ வாய்க்காலில், இலை உதிர்ந்த மரங்களுக்குக் கீழே கட்டிக் கிடந்தது. நவம்பர் மாதம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தண்ணீர் அசையவில்லை. டீசலும் அழுகிய இலைகளும் மணத்தன.

என் மனைவி ரஞ்சனா இதற்குள்தான் செத்துப்போனாள்.

என்னை விட்டுவிட்டு வந்து, இதற்குள் தனியாக இருந்து, செத்துப்போனாள்.

என் கையில் இரண்டு பைகள். ஒன்றில் வாழையிலை, தண்ணீர்ப் போத்தல். மற்றதில் ரஞ்சனாவின் அம்மா, என் மாமி, சமைத்துத் தந்த சாப்பாடு. விம்பிள்டனிலிருந்து வரும் வழியெல்லாம் ரயில் பெட்டியில் நண்டுக்கறி மணத்தது. பக்கத்தில் இருந்த பெண் எழுந்து தள்ளிப் போய் நின்றாள். நிற்கட்டும் என்று இருந்தேன். அந்த நாட்களில் யார் முகத்தைப் பார்த்தாலும் அறைய வேண்டும் போலிருந்தது.

யேசுரட்ணம் படகின் பின்தட்டில் காத்திருந்தார். படகு அவருடையது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். லண்டனில் முப்பது வருடம் பஸ் ஓட்டி, ஓய்வு பெற்ற பிறகு இதை வாங்கி வாடகைக்கு விடுகிறார். படகை வள்ளம் என்றுதான் சொல்வார்.

“வாரும் தம்பி. தலை கவனம். புதுசா வாற ஆக்கள் எல்லாரும் இடிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்கு வாறவை.”

நான் இடித்துக்கொண்டேன்.

“சொன்னனெல்லே,” என்றார். சிரிக்கத் தொடங்கி, நான் யார் என்று நினைவு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, மடக்கு மேசை. மேசையில் ஒரு கோப்பை, ஒரு தட்டு. ஒரு கதிரை.

“மற்றக் கதிரை எங்கே?”

“பிள்ளைதான் கொண்டுபோகச் சொன்னவ. ‘இஞ்ச ஒருத்தரும் வந்து இருக்கப் போறேல்லை, அங்கிள், எனக்கு இடம்தான் வேணும்’ எண்டு.” அவர் தலையைச் சொறிந்தார். “நல்ல சந்தோஷமாத்தான் இருந்தவ, தம்பி. பாட்டெல்லாம் படிப்பா.”

அவள் பாடி நான் கேட்டதில்லை.

செப்டம்பரில் ஒரு நாள், வேலைக்குப் புறப்படும் நேரத்தில் சொன்னாள். “ஒரு மாசம் தனியப் போய் இருக்கப் போறன், திவா. நான் ஆர் எண்டு எனக்கே தெரியேல்லை.”

“பேர் ரஞ்சனா. வேலை கவுன்சிலில. புருசன் திவாகர். வேற என்ன தெரியோணும்?”

அவள் வேலையில் லீவு எழுதிக் கொடுத்தாள். யேசுரட்ணத்திடம் இரண்டு நாள் படகோட்டப் பழகினாள். பிரென்ட்ஃபோர்டில் புறப்பட்டாள். சொந்தத் தரிப்பிடம் இல்லாத படகுகள் ஒரே இடத்தில் நெடுநாள் நிற்கக் கூடாது. நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்ததாம். சவுத்ஹோல், பாடிங்டன், கேம்டன் என்று லண்டனின் முதுகுப்பக்கமாகவே தனியாக வந்திருக்கிறாள். போகும் வழியில் தண்ணீரை ஏற்றி இறக்கும் லொக் கதவுகளை முதுகால் தள்ளித் தானே திறந்திருக்கிறாள். வீட்டில் ஊறுகாய்ப் போத்தலைத் திறக்க என்னைக் கூப்பிடுகிறவள்.

கேட்டவர்களுக்கெல்லாம் அவள் லீட்ஸில் ட்ரெயினிங்கில் இருப்பதாகச் சொன்னேன். அவளுக்கு நான் போன் எடுத்தால், நல்லாயிருக்கிறேன் என்று ஒரு மெசேஜ் மட்டும் வரும்.

ஒரு மாதம் முடிந்தது. இன்னொரு மாதம் வேண்டும் என்று எழுதினாள்.

அந்த வாரமே தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது. முப்பத்திரண்டு வயதில் அப்படியும் நடக்கும் என்றார் டாக்டர். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அது போகவேயில்லை.

எட்டாம் நாள் படையலை, எட்டுச் செலவை, வீட்டில் வைத்தோம். அவளுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, அவள் படத்துக்கு முன்னால் இலையில் படைத்து, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்தினோம். வந்தவர்கள் ஹோலில் இருந்து சாப்பிட்டு இலையை எதிர்ப்பக்கமாக மடித்தார்கள். செத்த வீட்டில் அப்படித்தான் மடிப்பார்கள். இப்படி ஒரு சாப்பாட்டுக்கு இனி வர வைக்காதே என்று அர்த்தம். மற்ற வீடுகளில் தன் பக்கமாக மடிப்பார்கள். திரும்பவும் வருவேன் என்று அர்த்தம்.

மாமி அறைக் கதவைத் திறந்து, வைத்த தண்ணீரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா.

“தண்ணி குறையேல்லை. அவள் இஞ்ச வரேல்லைத் தம்பி. அங்கயே நிக்கிறாள். அங்க போய்ப் படையுங்கோ. சாப்பிட்டாப் பிறகு கூப்பிடுங்கோ. கூப்பிட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வீட்டை வாங்கோ. பின்னால வருவாள்.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் இன்ஜினியர். ஆனால் அவள் அங்கேயே நிற்கிறாள் என்ற சொல் உடம்பில் தைத்தது. செத்த பிறகும் வீட்டுக்கு வர மாட்டாளா? கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று கிளம்பினேன்.

மேசையில் இலையை விரித்தேன். யேசுரட்ணம் பையை எட்டிப் பார்த்தார்.

“நண்டோ? ஆருக்கு?”

“அவளுக்குத்தான். நண்டு எண்டால் உயிர்.”

யேசுரட்ணம் பையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“தம்பி, குறை நினையாதையும். நான் ஒருநாள் நண்டுக் குழம்பு கொண்டந்தனான். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளிய ஓடிற்றா. ‘ஆறு வருஷம் அவருக்காகத் திண்டனான் அங்கிள், இனி ஏலாது’ எண்டவ.”

சனிக்கிழமைகளில் நான்தான் நண்டு வாங்கி வருவேன். எனக்கு எதிரே இருந்து, நண்டுக் காலைப் பல்லால் உடைத்து உறிஞ்சி, சிரிப்பாள். அந்தச் சத்தம்கூட எனக்கு நினைவிருக்கிறது.

“உங்களுக்குத் தெரியாது,” என்றேன்.

“ஓமோம்,” என்றார் யேசுரட்ணம். “எனக்கென்ன தெரியும். நான் குட்மேய்ஸுக்கு, வீட்டை போறன். போகேக்கை வெளிப்பூட்டைப் போட்டுவிடும்.”

புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, வடை. நடுவில் நண்டு. ஒரு கோப்பை தண்ணீர். விளக்கு ஏற்றினேன். வெளியே வந்து பின்கதவைச் சாத்திவிட்டு வாய்க்கால் பாதையில் நின்றேன்.

மூன்றரை மணிதான் இருக்கும். அதற்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஒருத்தி நாயோடு ஓடிப் போனாள். பிறகு யாரும் வரவில்லை.

படகு சாய்ந்தது.

மெல்ல. ஆள் ஏறினால் சாய்வது போல. சாய்வு முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நகர்ந்து வந்தது. உள்ளே யாரோ கட்டிலிலிருந்து எழுந்து மேசைக்கு நடந்து வருவது போல. தண்ணீரில் வளையம் விரிந்து என் காலடிக் கரையைத் தொட்டது.

காற்று இல்லை.

உள்ளே பம்ப் ஓடியது. அந்தப் படகில் குழாயைத் திறந்தால் மட்டும்தான் பம்ப் ஓடும்.

நின்றது.

கை கழுவிவிட்டாள்.

“ரஞ்சனா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பாய்ந்து கதவைத் தள்ளினேன். அசையவில்லை. கையால் குத்தினேன். “ரஞ்சனா, திற! நான்தான்! திற!” முன்பக்கம் ஓடினேன். அங்கேயும் பூட்டியிருந்தது.

நான் ஜன்னல் பக்கம் வந்தபோது திரைச்சீலை நகர்ந்தது. முதல் ஜன்னல் மூடியது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. அவசரமே இல்லை. தினமும் பொழுதுபடும்போது செய்கிற வேலையைச் செய்கிற நிதானம். கடைசித் திரையை இழுத்த விரல்களில் மோதிரம் இல்லை. அவள் மோதிரம் வீட்டில், சோப்புப் பெட்டியில் கிடந்தது. அவள் போன அன்றே கண்டெடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

எவ்வளவு நேரம் கதவை அடித்தேன் என்று தெரியாது. கை வீங்கிவிட்டது. பம்ப் மறுபடி ஓடி நின்றது. தாழ்ப்பாள் தானாக விலகியது.

உள்ளே யாரும் இல்லை.

விளக்கு எரிந்தது. யாரோ எழுந்து போனது போலக் கதிரை பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கோப்பையில் தண்ணீர் இல்லை. இலை வைத்த இடத்திலேயே இருந்தது, மடித்து.

எதிர்ப்பக்கமாக.

விரித்தேன். புட்டைக் காணவில்லை. கத்தரிக்காய் வழித்துத் தின்னப்பட்டிருந்தது. நண்டு முழுசாக, தொடாமல், மூலையில் ஒதுக்கிக் கிடந்தது.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. ஆறு வருடம் எனக்கு எதிரே இருந்து சிரித்தாளே, அது என்ன? இவ்வளவு நாளும் நான் யாரோடு குடும்பம் நடத்தினேன்?

“சரி, இரு!” என்று கத்தினேன். “இஞ்சயே இரு! நீ எனக்கு வேண்டாம். எனக்கு என்ர மனுசி வேணும். விம்பிள்டனில இருந்தவள். எனக்கு முன்னால இருந்து நண்டு திண்டவள். அவள் வரட்டும்! அவள் வீட்டை வரட்டும்!”

விளக்கு அணைந்தது.

நண்டை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினேன். பூட்டை எடுத்தேன். போடத் தேவையிருக்கவில்லை. என் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் நடந்தேன். அவள் உள்ளேதான் இருக்கிறாள். அது எனக்குத் தெரியும்.

ஆனால் பின்னால், சரளைக் கற்களில், ஈரமான காலடி கேட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை.

ரயிலில் நல்ல கூட்டம். வாசல்வரை நின்றார்கள். என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது. ஒரு ஆள் இருக்கப் பார்த்துவிட்டு, “ஸொறி” என்று மன்னிப்புக் கேட்டு விலகினான். என்னிடம் அல்ல.

“வந்தவளோ?” என்று மாமி வாசலிலேயே கேட்டா.

“ஓம்,” என்றேன்.

அடுத்த நாள் மத்தியானம் மாமி மறுபடி சமைத்து, எங்கள் அறையில் படைத்து, கதவைச் சாத்தினா. புட்டு, கத்தரிக்காய், வடை, நண்டு. நாங்கள் இருவரும் வெளியே நின்றோம். என் போன் அடித்தது. யேசுரட்ணம்.

“தம்பி, வள்ளத்தை எடுத்தனீரோ?”

“இல்லை.”

“கட்டின இடத்தில காணேல்லை. நான் கரையால நடந்து தேடிப் பாத்தால், அடுத்த லொக்கையும் தாண்டி, டொட்டன்ஹாம் பக்கம் கட்டிக் கிடக்குது. திரையெல்லாம் மூடியிருக்கு. புகைபோக்கியால புகை வருது. இஞ்சின் ஸ்டார்ட் பண்ணுற திறப்பு என்ர பொக்கெற்றுக்குள்ள கிடக்கு, தம்பி.” அவர் மூச்சு வாங்கினார். “உள்ளுக்கு ஒரு பொம்பிளை பாடுறாள். கேளும்.”

போனை நீட்டிப் பிடித்தார் போலும். தூரத்தில், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, பாட்டு. எனக்கு அந்தக் குரலைத் தெரியும். பாடிக் கேட்டதில்லை. ஆனால் தெரியும்.

ரஞ்சனா அங்கேதான் இருந்தாள்.

அப்போது, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், எங்கள் அறையில்,

டக்.

நண்டுக் காலைப் பல்லால் உடைக்கும் சத்தம். பிறகு உறிஞ்சும் சத்தம். பிறகு, சனிக்கிழமைச் சிரிப்பு.

மாமி என் மணிக்கட்டைப் பிடித்தா. அவவின் கண்களில் தண்ணீர் வழிந்தது. “வந்திட்டாள். என்ர பிள்ளை வந்திட்டாள்.”

“மாமி, திறக்காதேங்கோ,” என்றேன்.

திறந்துவிட்டா.

அறையில் யாரும் இல்லை. இலையை மாமிதான் விரித்தா. புட்டு தொடப்படவில்லை. கத்தரிக்காய் தொடப்படவில்லை. நடுவில் நண்டு ஓடுகள் மட்டும், வெள்ளை வெளேரென்று, எலும்புபோல வழித்துத் துடைத்துக் குவிந்து கிடந்தன.

மாமி விரிக்கும்வரை இலை தன் பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

“நாளைக்கும் நண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ, தம்பி,” என்று சொல்லி மாமி கண்ணைத் துடைத்தா. “பாவம், எவ்வளவு ஆசையாத் திண்டிருக்கிறாள்.”

எங்களுக்குப் பின்னால், குளியலறையில், யாரோ குழாயைத் திறந்து கை கழுவினார்கள்.