மூத்தவளின் முகம்

ஆற்றங்கரை ஊரில் வெர்னாவிடம் யாரும் "எந்தக் குடும்பம்?" என்று கேட்டதில்லை. புது ஆளைக் கண்டால், ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான அவர்கள் சனம் முதலில் கேட்பது அதைத்தான். வெர்னாவை எல்லாருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் குதிரையும் துப்பாக்கியுமாக வந்த நாளில் எதிரே நின்று பேசிய மூத்தவளின் வம்சம்.

அந்த மூத்தவளுக்குச் சிலை வேண்டுமென்று இருபது வருடம் நகராட்சிப் படியேறித் தேய்ந்தவள் வெர்னா. மூத்தவளுக்குப் படம் எதுவும் கிடையாது. வம்சத்தில் ஒருத்தியின் முகத்தைப் பார்த்துச் செய்கிறேன் என்ற சிற்பி டேரில், தேர்ந்தெடுத்தது தங்கை நோலீனை.

வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"கோவமாக்கா?" என்று நோலீன் கேட்டாள்.

"எனக்கென்னடி கோவம்? ஒரு கூட்டத்துக்காவது வந்திருப்பியா? மூஞ்சிய மட்டும் கொண்டாந்து நீட்டிட்ட."

மறுநாள் பிற்பகல் வெர்னா பட்டறைக்குப் போனாள். டேரில் டீ போட உள்ளே போனான். கொட்டகை நடுவில், வெண்கலம் வார்ப்பதற்கான மெழுகுருவம் நின்றது. தேன்மெழுகு வாசனை கனத்திருந்தது. தகரக்கூரை வெயிலில் சடசடத்தது. நோலீனின் கன்னம், நோலீனின் மூக்கு.

"என் மூஞ்சியா இருந்திருக்கணும்," என்று முணுமுணுத்தபடி கட்டைவிரலால் அந்தக் கன்னத்தை அழுத்தினாள்.

மெழுகு சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

தகரத்தின் சடசடப்பு நின்றது.

"குடு," என்றது ஒரு குரல், காதுக்கு வெகு அருகில்.

விரலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். எத்தனை சோப்புப் போட்டும் மெழுகு வாசனை கையைவிட்டுப் போகவில்லை.

திறப்பு விழாவன்று சடங்குக்காக மூட்டிய யூகலிப்டஸ் இலைப் புகை மைதானமெங்கும் படர்ந்தது. துணியை இழுக்கிற கௌரவமும் நோலீனுக்குத்தான். வெர்னா கடைசி வரிசையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

துணி விழுந்தது.

"அட, நம்ம வெர்னாக்கா!" என்று யாரோ கத்தினார்கள்.

பொய்யில்லை. புருவம், மூக்கு, மோவாய் மச்சம் வரை அவளேதான். டேரில் வெளிறிப்போனான். வெர்னாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய்த் தங்கையின் தோளைத் தொட்டாள்.

"பாத்தியாடி?"

நோலீன் திரும்பினாள். ஓரடி பின்வாங்கினாள்.

வெர்னா மோவாயைத் தடவினாள். மச்சம் இல்லை.

கன்னம் வழுவழுவென்றிருந்தது. அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம்.

"நீங்க எந்தக் குடும்பம்மா?" என்று நோலீன் மரியாதையாகக் கேட்டாள்.

வெர்னா வாய் திறக்குமுன், பின்னால் நின்ற வெண்கலம் அவள் குரலிலேயே பதில் சொன்னது.

"யாரோ அசலூர்க்காரி. விடுடி."

"சரிக்கா," என்றாள் நோலீன்.