இரண்டாம் நனைப்பு

பொட்டலத்தின் முன்பக்கத்தில் எஸ்தரின் கையெழுத்து: முதல் நனைப்பு, ஆகஸ்டு ஏழு. பின்பக்கத்தில் தேவசகாயத்தின் கையெழுத்து: இரண்டாம் நனைப்பு, செப்டம்பர் இருபத்தெட்டு. இன்றுதான் அந்த நாள். உள்ளிருந்த, கில்லிமீன் முட்டை கலந்த தேங்காய்நார்த்தூளைத் தேவசகாயம் தட்டில் கொட்டி, தன் குடிநீர்ப் பங்கிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினார்.

கில்லிமீன் வற்றும் குட்டைகளில் வாழ்வது. கோடையில் மீன் செத்துப்போகும். முட்டை மட்டும் காய்ந்த மண்ணுக்குள் நெஞ்சு அடங்கி மழைக்காகக் கிடக்கும். அந்த வித்தையைத்தான் மனிதர்களுக்கும் பழக்கியிருந்தார்கள். தூத்துக்குடியில் தண்ணீர் அற்றுப்போன பிறகு, மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை, தொகுதி தொகுதியாக, வீட்டுக்கு ஒருவர் துயிலகத்தில் வறள்துயில் கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. விழித்திருப்பவர் இருவர் பங்கையும் குடித்துப் பிழைப்பார்.

இந்த வருடம் தேவசகாயத்தின் முறை. ஆனால் அவர் வளர்த்த நீலச்சிறகுக் கில்லிமீன் ஜோடி அப்போதுதான் முட்டையிட ஆரம்பித்திருந்தது. மனைவி எஸ்தர் சிரித்தாள்.

"மீனை விட்டுட்டுப் போனா நீங்க அங்கயும் தூங்க மாட்டீங்க. நான் போறேன். நான் எழும்புத அன்னைக்கே இந்த முட்டையையும் நனைச்சிருங்க."

ஆகஸ்டு ஏழு காலையில் நனைத்துவிட்டுத்தான் துயிலகத்துக்குப் போனார். வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். எஸ்தர் எழவில்லை. சாயங்காலம் வரை முயன்று பார்த்த டாக்டர் தலையை அசைத்தார். செவிலி பியூலா, இறந்ததாக ஒப்புக்கொள்ளும் படிவத்தை நீட்டினாள், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்தபோது பாதி முட்டைகள் பொரித்து, குஞ்சுகள் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றி, மிச்சத் தூளைப் பிழிந்து, உலர்த்தி, கட்டி, பின்பக்கம் தேதி போட்டார். முதல் நனைப்பில் பொரிக்காததை வளர்ப்பவன் எவனும் கொட்ட மாட்டான். கை அதன் பாட்டுக்குச் செய்தது. படிவத்தில் கையெழுத்திட்ட அதே பேனா.

இப்போது மதியத்துக்குள் தட்டு முழுக்கக் கண்கள். பொரித்த குஞ்சுகளின் ஊசிமுனைக் கண்கள், துள்ளித் துள்ளி.

உட்கார முடியவில்லை. நடந்தார், மறுபடி வந்து பார்த்தார். பிறகு தட்டை மூடியால் பொத்திக்கொண்டு பஸ் ஏறினார். இடமிருந்தும் துயிலகம் வரை நின்றுகொண்டே போனார்.

"என்ன அண்ணாச்சி, சோறு கொண்டுவந்திருக்கீங்களா?" என்றாள் பியூலா.

மூடியைத் திறந்தார். "அன்னைக்குப் பொரிக்காத முட்டை. திரும்பக் காயவச்சு நனைச்சேன்."

அவள் வெகுநேரம் குனிந்து பார்த்தாள். "மீனும் மனுசரும் ஒண்ணா?"

"மீனைப் பாத்துத்தானம்மா படுக்கவச்சீங்க."

அவள் மூடியை வாங்கித் தட்டைப் பொத்தினாள்.

"இன்னும் எழும்பாதவங்க யாரும் இருக்காங்களா?" என்று கேட்டார் தேவசகாயம்.

"கடைசித் தொகுதியில ஒருத்தங்க. முத்தையாபுரம் அந்தோணியம்மா. நேத்துதான் எழுப்பிப் பாத்தோம். நாளைக்கு மகன் வந்து கையெழுத்துப் போடணும்."

"போட வேண்டாம்னு சொல்லு."

"கட்டில அடுத்த வருசத்து ஆளுக்குக் குடுக்கணும். சட்டம் அப்படி."

"வாற வருசம் என் முறை. என் கட்டிலை அவங்களுக்கு எழுதிக்க. நான் முழிச்சே கிடக்கேன்."

"ஒத்தை ஆளு பங்கை வச்சு ஒரு கோடையைத் தாண்டுவீங்களா?"

"கேட்டதை எழுதும்மா."

டாக்டரிடம் அவள் என்ன பேசினாளோ, சொல்லவில்லை. அந்தோணியம்மாவை மறுபடி துயிலில் கிடத்தினார்கள்.

நவம்பர் நடுவில், மழை இறங்கிய மூன்றாம் நாள், போன் வந்தது.

"அந்தோணியம்மா எழும்பிட்டாங்க அண்ணாச்சி."

தேவசகாயம் போனை மறுகாதுக்கு மாற்றினார். "எழும்பினதும் என்ன கேட்டாங்க?"

"மழை வந்துட்டான்னு கேட்டாங்க."

"வந்துட்டுன்னு சொல்லும்மா."

அந்தப் பக்கம் பியூலா அழுவது கேட்டது. எதற்கென்று இருவருக்கும் தெரியும். அவர் போனை வைத்தார்.

அலமாரியில், இரண்டாம் நனைப்புத் தூளைத் திரும்பக் கட்டியிருந்த எஸ்தரின் பொட்டலம் இருந்தது. தூளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஓர் ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு முட்டைகூட மிச்சமில்லை. இன்னொரு முறை பார்த்தார். பிறகு மிச்ச ஈரத்தைப் பிழிந்தார், நிழலில் உலர்த்தினார், பழைய பொட்டலத்திலேயே கட்டினார். எஸ்தரின் எழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது.

மூன்றாம் நனைப்பு என்று எழுதி, தேதி போட்டார்.